காணாக்கடி

டீச்சரின் நோட்டில் முதல் வரி 2017 ஜூன் மாதத்தில் எழுதியது. ‘காலை 5.30. மேலுதடு. வலி இல்லை, அரிப்பு இல்லை.’ மூன்று நாள் கழித்து அதே வரிக்கு எதிரே வேறு மையில் ஒரே சொல்: ‘வடிந்தது.’

நாகர்கோவில் பக்கத்துப் பள்ளியொன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் அவர். 58 வயதில் ஓய்வு பெற்றதும் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்துக்கு மகன் வீட்டோடு வந்துவிட்டார். மகன், மருமகள் இருவருக்கும் டெக்னோபார்க்கில் வேலை. காலையில் பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது, அந்தியில் மகாதேவர் கோயில் வரை ஒரு நடை, இடையில் பக்கத்து ஃபிளாட் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு. அக்கம்பக்கத்து மலையாளிகளுக்கும் அவர் டீச்சர்தான். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் வெளியூர் ஆகாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் குமரி மண்ணும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எல்லை மாறிய பிறகும், பெரிய நோய் என்று வந்தால் நாகர்கோவில்காரர்கள் பலர் ரயிலேறுவது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான்.

அன்று காலை முதலில் பார்த்தது பேத்தி. “ஆச்சி, ஒங்க உதடு ஏன் இப்பிடி இருக்கு?” கண்ணாடியில் பார்த்தால் மேலுதடு மூக்கைத் தொடுகிற அளவுக்குப் புடைத்திருந்தது. ஊரிலிருக்கும் அக்காவுக்கு போன் போட்டார்.

“காணாக்கடியாத்தான் இருக்கும் மக்களே. அருகம்புல்லும் மிளகும் வெத்தலையில வச்சு மென்னு தின்னு.”

கடித்த பூச்சியைக் காணவில்லை, தடிப்பு மட்டும் இருக்கிறது, அதனால் காணாக்கடி. அழகான சொல். ஆனால் காணாக்கடி என்றால் அரிக்கும், உடம்பெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாகத் தடிக்கும், ஒரு நாளைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். டீச்சருக்கு வந்ததில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதை அவர் அப்போதே கவனித்து எழுதியும் வைத்தார். எழுதியது என்ன என்று புரிய 17 மாதம் ஆனது.

அடுத்த வரிகள் இப்படிப் போகின்றன. இடது கண் இமை. வலது உள்ளங்கை, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. பாதம். மறுபடி உதடு. ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்குப் போனால் “அலர்ஜி” என்று ஒரு அவில் ஊசி, ஒரு டெக்சா ஊசி. கருவாடு தின்றீர்களா, நண்டு தின்றீர்களா, புதுச் சோப்பா, தலைச்சாயமா என்று கேள்விகள். டீச்சர் மீனை விட்டார். குமரி மாவட்டத்தில் பிறந்த ஒருவர் மீனை விடுவதென்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மரச்சீனியை வெறும் சம்மந்தியோடு தின்று பார்த்தார். வீக்கம் தன்பாட்டுக்கு வந்து போனது.

பெரிய தொந்தரவு என்னவென்றால், மருத்துவர் பார்க்கிற நேரத்தில் அது இருக்காது. அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பதற்குள் மூன்று நாள் கடந்துவிடும், முகம் பழையபடி ஆகிவிடும். “இப்ப ஒண்ணும் இல்லையே டீச்சரே” என்பார்கள். பொய் சொல்கிறோமோ என்று தனக்கே சந்தேகம் வந்துவிடும் என்று பின்னாளில் மகனிடம் சொன்னார். அதனால்தான் நோட்டைப் பள்ளி வருகைப் பதிவேடு போலவே கோடு போட்டு வைத்துக்கொண்டார். தேதி, இடம், தொடங்கிய நேரம், ஊசி போட்டதா, வடிந்த நேரம். போனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

2018 மார்ச்சில் வயிறு பிடித்துக்கொண்டது. சாதாரண வயிற்றுவலி இல்லை. சுருண்டு படுத்துக்கொண்டு வாந்தி, வாந்திக்குமேல் வாந்தி. கொண்டுபோன மருத்துவமனையில் இரவே வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார்கள். மகன் கையெழுத்தும் போட்டுவிட்டான். விடியற்காலையில் வலி தானாக இறங்கியது, தண்ணீராகப் பேதி போனது, ஆபரேஷன் தள்ளிப்போனது. ஸ்கேன் அறிக்கையில் மூன்று விஷயம் இருந்தது: குடல் சுவர் தடித்திருக்கிறது, வயிற்றுக்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது. முதலிரண்டும் அடுத்த ஸ்கேனில் மறைந்துவிட்டன. மூன்றாவதை யாரும் பின்தொடரவில்லை. இரண்டு வாய் கஞ்சி குடித்ததுமே வயிறு நிறைந்ததுபோல இருக்கிறது என்று டீச்சர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வயது 60 ஆகிவிட்டது, பசி குறையத்தானே செய்யும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். மண்ணீரல் வீங்கி இரைப்பையை நெருக்கினால் அப்படித்தான் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மகனுக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

அந்த அக்டோபரில் ஒரு ராத்திரி குரல் மாறியது. “தொண்டையில உருண்டை ஒண்ணு இருக்கு மக்களே” என்றார். அந்தச் சொற்களே குழறின. பக்கத்து ஃபிளாட்காரர் காரை எடுத்தார். கழக்கூட்டம் ஜங்ஷனில் மேம்பாலம் வராத காலம். காரியவட்டம், ஸ்ரீகாரியம், உள்ளூர் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் மகன் எண்ணிக்கொண்டே போனான். காஷுவாலிட்டியில் அட்ரினலின் போட்டார்கள், ஸ்டீராய்டு போட்டார்கள். இரண்டுக்கும் வீக்கம் அசையவில்லை. மூச்சுக்குழாயில் குழாய் போடத் தயாராக ஒரு மருத்துவர் தலைமாட்டிலேயே நின்றார். எட்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்கத் தொடங்கியது.

விடிந்ததும் டியூட்டி மாறி வந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். மகன் கொடுத்த நோட்டை நின்றபடியே வாசிக்க ஆரம்பித்து, பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதில் 14 வீக்கங்கள் இருந்தன. ஊசி போட்டது ஒன்பது முறை, போடாதது ஐந்து முறை. கடைசிப் பக்கத்தில் கணக்கு டீச்சர் சராசரி எடுத்து வைத்திருந்தார்: போட்டாலும் மூன்று நாள், போடாவிட்டாலும் மூன்று நாள்.

“சொறிச்சில் உண்டோ அம்மே?”

“இல்லை.”

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட இல்லை.”

பிரஷருக்கு என்ன மாத்திரை என்று கேட்டார். எனலாபிரில். உடனே அதை நிறுத்தச் சொன்னார். வீட்டில் வேறு யாருக்காவது, அம்மா அப்பாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு இப்படி வந்ததுண்டா? இல்லை. வயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்த்தார். இடது விலா எலும்புக்குக் கீழே, சாதாரணமாகக் கைக்குத் தட்டுப்படாத மண்ணீரல், கட்டியாகத் தட்டுப்பட்டது. ரத்தத்தில் சி4 என்று ஒரு பரிசோதனைக்கு எழுதினார். அபூர்வமான பரிசோதனை ஒன்றுமில்லை, பெரிய லேப்களில் வழக்கமாகச் செய்வதுதான். சாதாரணமாக 10-க்கு மேல் இருக்க வேண்டியது டீச்சருக்கு 2 இருந்தது.

அந்த எண்ணிலிருந்துதான் எல்லாம் அவிழ்ந்தது.

ரத்தத்தில் சி1 இன்ஹிபிட்டர் என்றொரு புரதம் இருக்கிறது. நோய் எதிர்ப்புக்காகக் காம்ப்ளிமென்ட் என்னும் புரதக் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும்போது, போதும் என்று தடுப்பது இதன் வேலை. இது குறைந்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்றான சி4 செலவாகித் தீர்ந்துவிடும். கூடவே இன்னொரு காவலும் இதனிடம்தான்: பிராடிகைனின் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சுரக்காமல் பார்த்துக்கொள்வது. பிராடிகைனின் கூடினால் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, உள்ளேயிருக்கும் நீர் திசுக்களுக்குள் கசியும். டீச்சர் இதைத் தன் ஊர்க் கணக்கில் புரிந்துகொண்டார். 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரில் விளைகிற வயல்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மதகைக் காக்க வேண்டிய ஆள் இல்லை, அதனால் ஒரு நாள் இந்த வயலில் நீர், இன்னொரு நாள் அந்த வயலில் நீர். உதட்டில் கட்டினால் அழகு போகும், குடலில் கட்டினால் உயிர் துடிக்கும், குரல்வளையில் கட்டினால் மூச்சு நிற்கும்.

அவில் மாதிரியான ஊசிகள் ஹிஸ்டமினை அடக்குபவை. காணாக்கடிக்கும் பெரும்பாலான அலர்ஜிக்கும் காரணம் ஹிஸ்டமின். இங்கே குற்றவாளி வேறு ஆள். பிடிக்க வந்த போலீஸ் வேறு தெருவில் தேடிக்கொண்டிருந்தது.

பிராடிகைனினைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பாம்பு இருக்கிறது. 1948-இல் பிரேசிலில் மவுரிசியோ ரோஷா இ சில்வாவும் கூட்டாளிகளும் ஜரராக்கா என்ற விரியன் வகைப் பாம்பின் விஷத்தை ஆராய்ந்தபோது இந்தப் பொருள் கிடைத்தது. பிறகு செர்ஜியோ ஃபெரெய்ரா அதே விஷத்தில், பிராடிகைனின் சிதையாமல் காக்கிற ஒரு பொருளைக் கண்டார். அதன் வழியில்தான் கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை பிறந்தது. எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் எல்லாம் அந்த வம்சம். கோடிக்கணக்கான பேருக்கு நல்லது செய்கிற மாத்திரைகள். ஆனால் பிராடிகைனினை உடைக்கிற நொதியைத்தான் அவை தடுக்கின்றன. மதகே உடைந்து கிடக்கிற டீச்சருக்கு, வடிகாலையும் சேர்த்து அடைத்ததுபோல ஆயிற்று.

இந்த வீக்கத்தை 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் க்விங்கே விவரித்தார். 1888-இல் வில்லியம் ஆஸ்லர், ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக அது இறங்கி வந்ததை எழுதினார். குறைவது சி1 இன்ஹிபிட்டர்தான் என்று 1963-இல் வர்ஜீனியா டொனால்ட்சன் காட்டினார். பரம்பரையாக வருகிற இந்த வகையே சுமார் 50,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் அது பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ பருவ வயதிலோ தலைகாட்டிவிடும். 60 வயதில், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் முதன்முதலாக வந்தால் வேறொன்றைத் தேட வேண்டும். பிறக்கும்போது இருந்த புரதத்தை இடையில் வந்த ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. 1972-இல் அமெரிக்காவில் கால்டுவெல்லும் சகாக்களும் அந்த ‘ஏதோ ஒன்றை’ நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களிடம் கண்டு எழுதினார்கள். தறிகெட்டுப் பெருகும் பி செல்கள் சி1 இன்ஹிபிட்டரைச் செலவழித்துத் தீர்க்கின்றன. சில சமயம் அதையே எதிரியாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருளைச் செய்து விடுகின்றன. பரம்பரை வகையையும் இடையில் வந்த வகையையும் பிரித்துக் காட்டுவது சி1க்யூ என்ற இன்னொரு பரிசோதனை. பரம்பரை வகையில் அது சரியாக இருக்கும், இந்த வகையில் பெரும்பாலும் குறைந்திருக்கும். டீச்சருக்குக் குறைந்திருந்தது.

இப்போது மண்ணீரலுக்கு மதிப்பு வந்தது. மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிறது ஆர்சிசி, 1981-இல் தொடங்கிய ரீஜனல் கேன்சர் சென்டர். அதன் வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் பேச்சில் பாதி மலையாளம் என்றால், நடுநடுவே நாகர்கோவில், தக்கலை, திருநெல்வேலித் தமிழும் கேட்கும். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்குள் டீச்சருக்கு மூன்று ஊர்க்காரர்கள் பழக்கமாகிவிட்டார்கள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு, மண்ணீரலில் தொடங்கும் மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா. மெல்ல வளருவது, இருக்கிற இடம் தெரியாமல் வருஷக்கணக்காக இருக்கக்கூடியது.

புற்றுநோய் என்று சொன்ன அன்று வீட்டில் அழுகை. டீச்சர் மட்டும் அழவில்லை. “பேரு கிடச்சிட்டுல்லா” என்றாராம். ஒன்றரை வருஷமாகப் பொய்யாகிக் கிடந்த நோட்டு அன்று மெய்யானது. அந்த ஆறுதலின் கனத்தை, இப்படிப் பெயரில்லாத நோயோடு அலைந்தவர்கள்தான் முழுசாக அறிவார்கள்.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு பல் குறுக்கே வந்தது. கீழ்த்தாடையில் சீழ் பிடித்த கடைவாய்ப்பல். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து ஏறுவதற்கு முன் பிடுங்கியாக வேண்டும். பல் பிடுங்குவது எல்லோருக்கும் சின்ன விஷயம். இந்த நோய்க்காரருக்கோ வாயில் படுகிற காயமே குரல்வளை வீங்கப் போதுமான காரணம். குறைகிற புரதத்தையே மருந்தாகப் பிரித்து, செறிவாக்கி வெளிநாடுகளில் வைத்திருந்தார்கள். பிராடிகைனின் வேலையைத் தடுக்கிற இக்கேட்டிபன்ட் என்ற ஊசிக்கு ஐரோப்பாவில் 2008-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. டீச்சருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது பிளாஸ்மா. யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் மஞ்சள் நீர். அதில் சி1 இன்ஹிபிட்டர் இயல்பாகவே இருக்கும். ஆபத்து இல்லாததல்ல. வீக்கத்தைத் தூண்டும் மூலப்பொருள்களும் அதே நீரில் உண்டு, அதனால் மூச்சுக்குழாய்க் கருவிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றினார்கள். உறைந்து கல்லாகக் கிடந்த இரண்டு பைகளை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, பல்லைத் தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பு ஏற்றினார்கள்.

அந்தப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் ரத்தம் பிடித்த காலத்தில், ஒருவர் கொடுத்த ரத்தத்தை அணுக்கள் வேறு, பிளாஸ்மா வேறு என்று பிரிப்பது பெரும்பாடு. ஒன்றோடொன்று குழாயால் இணைந்த பிளாஸ்டிக் பைகள் வந்த பிறகுதான், பையோடு சுழற்றி, மேலே தெளிகிற பிளாஸ்மாவைக் காற்றுப் படாமல் பக்கத்துப் பைக்குத் தள்ள முடிந்தது. அந்தப் பைகளை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யும் நுட்பத்தை உருவாக்கியவர்கள் இதே திருவனந்தபுரத்தில், மெடிக்கல் காலேஜை ஒட்டியிருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தார். மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில், மருத்துவரும் எஞ்சினியரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் அது. ஐஏஎஸ் வேலையை விட்டுவிட்டு வந்த சி. பாலகோபால் 1980-களில் அந்த நுட்பத்தை வாங்கி, பெனின்சுலா பாலிமர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஜப்பானின் தெருமோவோடு சேர்ந்து தெருமோ பென்போல் ஆனது. நகரத்துக்குக் கிழக்கே புளியறக்கோணத்தில் ஆலை. உலகத்தின் பல நாடுகளுக்கு ரத்தப் பை போகிற ஊர் இது. தலைக்கு மேலே தொங்கிய பையிலிருந்து மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிய அந்த மூன்று மணி நேரமும், கொடுத்தவர் யாராக இருக்கும் என்றுதான் டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தார். காரியவட்டம் கேம்பஸில் படிக்கிற பையனாக இருக்கலாம், ஓர் ஆட்டோக்காரராக இருக்கலாம். வீங்காத உதட்டோடு, பஞ்சு கடித்த வாயோடு மறுநாள் வீட்டுக்கு வந்தார்.

இடைப்பட்ட காலத்துக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை. ஜப்பானில் உத்தாக்கோ ஒக்காமோத்தோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவரும் 1962-இல் உலகுக்கு அறிவித்த மருந்து. நம் ஊரில் மாதவிடாய்ப் போக்கு அதிகமானால் கொடுப்பார்களே, அதே மாத்திரைதான். “எனக்கு எதுக்கு இந்த வயசுல இது?” என்று மெடிக்கல் ஷாப் பையனிடம் கேட்கச் சங்கடப்பட்டு மகனிடம் கேட்டாராம். இந்த வகை வீக்கத்தில் சிலருக்கு அது நன்றாகக் கேட்கும். டீச்சருக்குப் பாதி கேட்டது.

வேரைத் தொட்டது ரிட்டுக்சிமாப். பி செல்லின் மேல்தோலில் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்தச் செல்லை அழிக்கிற மருந்து. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் விலை நம்மவர் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் இருந்தது. 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான மருந்தை ரெடிடக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, விலை இறங்கியது. 2019 ஜனவரியில், வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு வாரம், டீச்சருக்கு ஏற்றினார்கள். முதல் நாள் குளிர் நடுக்கம் எடுத்தது, வேகத்தைக் குறைத்து ஆறு மணி நேரத்துக்கு இழுத்தார்கள். மற்ற மூன்றும் தொல்லையில்லாமல் முடிந்தன.

நோட்டில் அந்தப் பிப்ரவரியில் ஒரு வீக்கம். ஏப்ரலில் ஒன்று, விரல் மட்டும். பிறகு செப்டம்பர் வரை ஒன்றுமில்லை. மண்ணீரல் விலாவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சி4 எண் 2-லிருந்து ஏறி 9-க்கு வந்தது. முழுக் கஞ்சியும் குடிக்க முடிந்த நாளையும் அவர் தேதி போட்டு எழுதியிருக்கிறார். முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று ஆர்சிசியில் யாரும் சொல்லவில்லை. இது திரும்பி வரக்கூடிய நோய். வீக்கம் மறுபடி அடுக்கடுக்காக வந்தால் அதுவே முதல் தகவலாக இருக்கலாம், நோட்டை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

கைப்பையில் ஒரு லேமினேட் செய்த அட்டை இருக்கிறது. மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும்: இந்த வீக்கம் அலர்ஜி இல்லை, அட்ரினலினுக்கும் ஸ்டீராய்டுக்கும் கேட்காது, மூச்சுக்குழாயை முதலில் பாருங்கள். தமிழ்ப் பகுதியை டீச்சரே கையால் எழுதி ஒட்டினார். 2020-இல் களியக்காவிளையில் வழி அடைத்து, பாஸ் இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போக முடியாதிருந்த மாதங்களில் அந்த அட்டையின் நகல் ஒன்று பூஜை அலமாரியிலும் ஒன்று பக்கத்து ஃபிளாட்காரரின் காரிலும் இருந்தது.

போன வருஷம் ஆவணியில் அக்கா பேத்தியின் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த மதினி வாயைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டாள். கேட்டதற்கு, “காணாக்கடி டீச்சரே, ஒரு மாசத்துல இது ரெண்டாவது தடவ” என்றாள். டீச்சர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்துக்கு அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

“அரிக்கா?”

“இல்ல.”

“மூச்சு விட, முழுங்கக் கஷ்டமா இருக்கா?”

“அதெல்லாம் இல்ல.”

“பிரஷருக்கு என்ன மாத்திர திங்க? எடு.”

மதினி பர்ஸைத் துழாவி ஒரு அட்டையை எடுத்தாள். பாதி மாத்திரை தீர்ந்து கசங்கியிருந்த அதை டீச்சர் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தார். ரா-மி-பி-ரில். கடைசி ‘பிரில்’ மேல் விரலை வைத்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டு, காரை எடுக்கச் சொன்னார்.